எட்டு வெள்ளிக் கணக்கு

(இளையோர் படிப்பு வட்டத்துக்கான பாடம். நேரம்: ஒரு மணி. கொண்டு வரவேண்டியது: ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா.)



இந்தப் பாடத்தை எழுதும் நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கணக்காளர் இல்லை, வியாபாரமும் செய்ததில்லை. 2025இல் நீண்ட செமஸ்டர் விடுமுறையில் பத்து வாரம், சிறு வியாபாரிகளுக்கு உதவும் ஓர் அரசு சாரா அமைப்பில் பயிற்சி மாணவனாக இருந்தேன். வெளிநாட்டில் இதைச் ‘சம்மர் இன்டர்ன்ஷிப்’ என்பார்கள். நம்ம ஊரில் வருஷம் முழுக்க வெயில்தானே, அதனால் விடுமுறைப் பயிற்சி என்றே வைத்துக்கொள்வோம்.

அமைப்பின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உதவி கேட்டு வந்தவர்களை அடையாளம் காட்டக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஊர் மட்டும் சொல்கிறேன்: கோப்பெங்.

கிளைக் கூட்டத்தில் இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டையும் நினைத்துக்கொண்டே படியுங்கள். நம்மில் பலர் வீட்டில் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ ஏதாவது ஒன்றைச் செய்து விற்கிறார்கள். முறுக்கு, இடியப்பம், பூமாலை, தையல், கேட்டரிங். அவர்களிடம் நாம் என்றைக்காவது கணக்கு கேட்டிருக்கிறோமா?

1. கோப்பெங்கில் ஏன் இத்தனை சின்ன வியாபாரம்?

கோப்பெங் ஒரு காலத்தில் ஈயத்தால் பிழைத்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கில் ஈப்போ பெரிய பட்டணமாக வளர்வதற்கு முன்பே கோப்பெங்குக்குப் பெயர் இருந்தது. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபோது கிந்தாவின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. லயத்தில் இருந்தவர்கள் தாமான்களுக்கு வந்தார்கள். தோட்டத்தில் வீடு, தண்ணீர், கோயில், பிள்ளைக்குப் பள்ளி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. வெளியே வந்ததும் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கையில் இருந்த தொழிலோ மரம் சீவுவது ஒன்றுதான்.

அப்போது பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது அடுப்படிதான். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்து விற்கும் குடும்பங்களை எல்லாருக்கும் தெரியும். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வீட்டுத் தொழிலாகத் தொடங்கியது, இன்று ஈப்போவுக்கு வருகிறவர்கள் தேடிப்போய் வாங்கும் பொருளாகியிருக்கிறது. ஆனால் புந்தோங் மாதிரி எல்லா அடுப்பும் வளர்வதில்லை. பத்து வருஷமாக முறுக்கு சுட்டும் கையில் ஒன்றும் நிற்காத வீடுகளே அதிகம். எனக்குக் கொடுக்கப்பட்டது அப்படி ஒரு வீடு.

2. என் முதல் தவறு

அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மாவும், அதாவது பாட்டியும், உதவி செய்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார். மகள் மூன்றாம் படிவம். வாரத்துக்கு நான்கு முறை முறுக்கு சுட்டு, கோப்பெங்கிலும் ஈப்போவிலும் சில கடைகளுக்குப் போடுகிறார்கள்.

அமைப்பில் எனக்கு வழிகாட்டியாக இருந்த அண்ணன் சொன்ன வேலை ரொம்பச் சாதாரணம்: “நாலு வாரம் வரவு செலவு எழுத வை. வேற எதுவும் செய்யாதே.”

நான் கேட்கவில்லை. பொறியியல் மாணவன் ஆச்சே! ஒரு வாரம் உட்கார்ந்து கைப்பேசியில் திறக்கிற மாதிரி ஒரு எக்செல் தயாரித்தேன். பதினாலு கட்டம், தானாகக் கூட்டும், வண்ண வரைபடம் கூட வரும். அக்காவிடம் காட்டினேன். “நல்லா இருக்கு தம்பி” என்றார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் கைப்பேசியில் பயன்படுத்துவது வாட்ஸ்அப் குரல் செய்தி மட்டும்தான். முறுக்கு பிழியும் கையில் மாவு இருக்கும்போது பதினாலு கட்டத்தை யார் தட்டுவது?

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். மளிகைக் கடை கொடுத்த காலண்டரில் தேதிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள், வட்டங்கள். கோடு என்றால் சுட்ட நாள், வட்டம் என்றால் கடைக்குப் போட்ட நாளாம். அக்கா ஏற்கெனவே கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

எக்செலை மூடிவிட்டு, கடையில் ஒரு 555 நோட்டு வாங்கினேன். நம்ம தாத்தாக்கள் கடைக்காரரிடம் கடன் எழுதி வைத்த அதே குட்டி நோட்டுதான். இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. அவ்வளவுதான். காலண்டருக்குக் கீழே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அன்று இரவே பாட்டி சொல்லச் சொல்ல அக்காவின் மகள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

3. நோட்டு சொன்ன கணக்கு

மூன்று வாரம் கழித்து, ஒரு முறை சுடுவதற்கு ஆகும் கணக்கு கிடைத்தது. (எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.) ஒரு முறைக்கு 40 பாக்கெட் வரும்.

அரிசி மாவு, உளுத்தம் மாவு – 38 வெள்ளி
எண்ணெய் – 32 வெள்ளி
வெண்ணெய், எள், ஓமம், உப்பு – 14 வெள்ளி
கேஸ் – 8 வெள்ளி
பிளாஸ்டிக் பாக்கெட், ஸ்டிக்கர் – 18 வெள்ளி
பெட்ரோல் – 10 வெள்ளி
மொத்தம் – 120 வெள்ளி

கடைக்காரர் ஒரு பாக்கெட்டுக்குக் கொடுப்பது 4 வெள்ளி. 40 பாக்கெட்டுக்கு 160 வெள்ளி. ஆகவே லாபம் 40 வெள்ளி. அக்காவின் மனக்கணக்கும் இதுதான். “ஒரு தடவை சுட்டா நாப்பது நிக்கும் தம்பி.”

ஆனால் கடைக்காரர்கள் விற்றதற்கு மட்டும்தான் காசு கொடுப்பார்கள். விற்காதது திரும்பி வரும். நோட்டைப் பார்த்தால் சராசரியாக ஒரு முறைக்கு எட்டு பாக்கெட் திரும்பியிருந்தது. திரும்பிய முறுக்கை வீட்டில் சாப்பிடுவார்கள், அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அது செலவு என்று யாருக்கும் தோன்றவில்லை.

விற்றது 32. வந்தது 128 வெள்ளி. செலவு 120. நின்றது எட்டு வெள்ளி.

அக்கா ஏழு மணி நேரம், பாட்டி நான்கு மணி நேரம், ஆக பதினோரு மணி நேர வேலை. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 73 காசு. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கணக்கில் அது 8.72 வெள்ளி.

இங்கே நிறுத்தி, உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டு வியாபாரத்துக்கு இதே மாதிரி பட்டியல் போட்டுப் பாருங்கள். மூன்று விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகும்: திரும்பி வந்த பொருள், பெட்ரோல், சொந்த உழைப்பு.

4. என் இரண்டாவது தவறு

இது முதல் தவறைவிடப் பெரியது. கணக்கு கிடைத்த சந்தோஷத்தில் நேராக வீட்டுக்குப் போனேன். கணவர், பாட்டி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாரும் இருந்தார்கள். பரீட்சை முடிவு அறிவிப்பதுபோல் சொன்னேன்: “அக்கா, உங்களுக்கு ஒரு தடவைக்கு எட்டு வெள்ளிதான் நிக்குது.”

யாரும் பேசவில்லை. பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா “சரி தம்பி, அப்புறம் பார்க்கலாம்” என்றார். அடுத்த மூன்று நாள் நான் அழைத்தால் எடுக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பத்து வருஷமா அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தக் கைதான்னு அவங்க நம்பிட்டு இருந்தாங்க. நீ அவங்க வீட்டுக்காரர் முன்னாடி அதை எட்டு வெள்ளின்னு சொல்லிட்டு வந்திருக்கே. உங்க அம்மாகிட்ட யாராவது இப்படிச் சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?”

எனக்குப் பதில் வரவில்லை. என் அம்மாவும் சனிக்கிழமைகளில் நாசி லெமாக் கட்டி விற்றவர்தான்.

நான்காம் நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரே ஆரம்பித்தார்: “எனக்கு உள்ளுக்குள்ள தெரியும் தம்பி. எண்ணிப் பார்க்கத்தான் பயம்.”

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை யாரிடம், யார் முன்னால், எப்போது சொல்கிறோம் என்பதும் வேலையில் ஒரு பகுதி. என் பாடப்புத்தகம் எதிலும் இது இல்லை.

5. இயந்திரமும் கடனும்

அன்றுதான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. மின்சார முறுக்கு பிழியும் இயந்திரமும் பெரிய அடுப்பும் வாங்க அக்கா 5,000 வெள்ளி கடன் தேடிக்கொண்டிருந்தார். ஐஸ்பெட்டி மேல் ஒரு கடன்காரரின் அட்டை ஒட்டியிருந்தது. கைப்பேசி எண் மட்டும்தான், நிறுவனப் பெயர்கூட இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், இயந்திரம் என்றதும் முதலில் எனக்கும் ஆசைதான். அது நான் படிக்கிற துறை. ஆனால் நோட்டைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். இந்த முறை கணக்கை அக்கா சொன்னார், நான் எழுதினேன்.

5,000 வெள்ளி, ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலையான வட்டி, மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,200. மொத்தம் 6,200. மாதம் 172 வெள்ளி கட்ட வேண்டும். இப்போது அக்காவுக்கு ஒரு மாதத்தில் நிற்பது எவ்வளவு? வாரம் நான்கு முறை, முறைக்கு எட்டு வெள்ளி, ஆக வாரம் 32, நான்கு வாரத்துக்கு 128. முதல் மாதமே 44 வெள்ளி இடிக்கும்.

இயந்திரம் வந்தால் இரண்டு மடங்கு சுடலாமே என்று கேட்கலாம். சுடலாம். ஆனால் அந்தக் கடைகளில் வாரத்துக்கு விற்பது 128 பாக்கெட்தான். அதற்கு மேல் சுடுவதெல்லாம் திரும்பித்தான் வரும். விற்காத ஒவ்வொரு நாற்பது பாக்கெட்டும் 120 வெள்ளி நட்டம். நட்டத்தில் ஓடும் வேலையை வேகப்படுத்தினால் நட்டம்தான் வேகமாக வரும். தொழிற்சாலையாக இருந்தாலும் அடுப்படியாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கடன் பற்றி இரண்டு விஷயம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நிலையான வட்டி என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி. நீங்கள் பாதி கட்டி முடித்திருந்தாலும் வட்டி குறையாது. அதனால் மேலே சொன்ன 8 விழுக்காடு உண்மையில் குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14.5 விழுக்காடு ஆகும். இரண்டு, 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள்கூட அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12, இல்லாவிட்டால் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ‘மாசம் பத்து’ என்று பேசுகிறவன் ஆலோங். 5,000க்கு மாதம் 500 வெள்ளி வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும்.

அக்கா எழுந்து போய் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

6. பிறகு என்ன மாறியது?

யோசனைகள் எல்லாம் அக்காவுடையவை. கடைகளுக்குப் போடுவதைப் பாதிக்கும் கீழே குறைத்தார். விலையைக் கொஞ்சம் ஏற்றி, 4 வெள்ளி 50 காசுக்கு ரொக்கத்துக்கு மட்டும், திரும்ப வாங்குவதில்லை என்றார். இரண்டு கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டார். மீதியைத் தாமான்களிலும் பள்ளி ஆசிரியர்களிடமும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே ஆர்டர் எடுத்து 6 வெள்ளிக்கு நேரடியாகக் கொடுத்தார். சுடுவதை வாரம் மூன்று முறையாகக் குறைத்தார்.

120 பாக்கெட்டில் 48 கடைக்கு: 216 வெள்ளி. 72 நேரடி: 432 வெள்ளி. வரவு 648, செலவு 360. நின்றது 288 வெள்ளி. வேலை 44 மணியிலிருந்து 33 மணியாகக் குறைந்தது. மணிக்கு 8 வெள்ளி 73 காசு.

எல்லா வாரமும் இப்படி இல்லை. தொடர்ந்து மழை பெய்த வாரம் இருபது பாக்கெட் தேங்கி, 168தான் நின்றது. ஆனால் ஏன் குறைந்தது என்று இப்போது அவருக்குத் தெரியும். திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரம் அரசனுக்குச் சொன்னது என்றுதான் பள்ளியில் படித்தோம். வரவு சிறிதாக இருப்பதைவிடச் செலவு அதை மீறுவதே கேடு என்ற கருத்து அதில் இருக்கிறது. அடுப்படிக்கும் அது பொருந்தும்.

7. சின்னக் காசின் பலம்

சின்னக் காசைச் சரியாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம பேராக்கிலேயே பெரிய சான்று உண்டு. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனார்கள். வேலையோடு வீடும் போனது. அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

வெளியிலும் இதே காலத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட முயற்சிகள் வந்தன. 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 42 பேருக்குக் கடனாகக் கொடுத்தது மொத்தம் 27 டாலர். அதிலிருந்து வளர்ந்ததுதான் கிராமின் வங்கி. 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தெருவில் காய்கறி, பூ விற்கும் பெண்களுக்காக உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். கிராமின் முறையைப் பார்த்து 1987இல் நம் நாட்டில் அமானா இக்தியார் மலேசியா உருவானது. 2024இல் அது இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ என்ற கடன் திட்டத்தை அறிவித்தது. தெக்குன் நேஷனலிலும் இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்பூமி திட்டம் இருக்கிறது. கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோட்டு முதலில், கடன் பிறகு.

8. தாள் வேலை

இந்த உதவிகளைக் கேட்கப் போனால் முதலில் கேட்பது பதிவுத் தாள். இதற்குப் பயந்தே பலர் போவதில்லை. உண்மையில் இவ்வளவுதான்:

எஸ்.எஸ்.எம். பதிவு. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே செய்யலாம்.

உணவு கையாள்பவர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி இரண்டும் கட்டாயம்.

ஊராட்சி மன்ற உரிமம். கோப்பெங் என்றால் கம்பார் மாவட்ட மன்றம். வீட்டிலிருந்தே செய்வதற்கு என்ன விதி என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுக் காசும் வியாபாரக் காசும் ஒரே பர்சில் இருந்தால் எந்த நோட்டும் உதவாது.

அக்காவோடு நான் இரண்டு காலை அலைந்தேன். மலாய்ப் பாரம் நிரப்ப ஒருவர் கூட இருந்தாலே பாதி பயம் போய்விடுகிறது. இந்த வேலையை நம்ம கிளை உறுப்பினர் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பொறியியல் தேவையில்லை.

9. பயிற்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு

பொறியியல் மாணவர்களுக்கு எட்டு வாரத்துக்குக் குறையாத தொழிற்பயிற்சி கட்டாயம். நான் செய்தது அதற்குப் பதில் இல்லை, தனி. உங்கள் பல்கலைக்கழகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன் அமைப்பிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: எனக்கு வழிகாட்டி யார்? என் வேலை என்ன என்று எழுதித் தருவீர்களா? பயணச் செலவு கிடைக்குமா? நான் போன பிறகு இந்தக் குடும்பத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பயிற்சி மாணவன் பத்து வாரத்தில் போய்விடுவான், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். நான் தயாரித்த எக்செல் இன்று எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மூன்றாம் படிவத்துத் தங்கச்சி இன்னமும் 555 நோட்டில் எழுதுகிறாள். இப்போது மூன்றாவது நோட்டு.

என் பயிற்சி முடிந்த வாரத்தில்தான் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று மாலை அக்கா ஒரு படம் அனுப்பினார். பூஜைத் தட்டில் முறுக்கு அச்சு, தங்கச்சியின் பாடப்புத்தகங்கள், பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த முதல் 555 நோட்டு. மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். கீழே பாட்டியின் குரல் செய்தி: “தம்பி, தீபாவளிக்கு வந்து முறுக்கு எடுத்துக்க. காசு குடுத்துட்டுத்தான் எடுக்கணும்.”

கொடுத்துத்தான் எடுத்தேன். ஆறு வெள்ளி.

கூடிப் பேச:

1. உங்கள் வீட்டில் அல்லது தாமானில் நடக்கும் ஒரு சிறு வியாபாரத்தைச் சொல்லுங்கள். பகுதி 3இல் உள்ளதுபோல் அதன் செலவுப் பட்டியலைப் போடுங்கள். எது விட்டுப்போகிறது?

2. எட்டு வெள்ளி என்ற உண்மையை நீங்கள் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? இருவர் நடித்துக் காட்டுங்கள்.

3. 3,000 வெள்ளி, ஆண்டுக்கு 6 விழுக்காடு நிலையான வட்டி, இரண்டு வருஷம். மாதத் தவணை எவ்வளவு? (விடை: 140 வெள்ளி.) இதைக் கட்ட அந்த வியாபாரத்தில் மாதம் குறைந்தது எவ்வளவு நிற்க வேண்டும்?

4. அடுத்த கூட்டத்துக்குள் ஒரு 555 நோட்டு வாங்கி ஒருவரிடம் கொடுங்கள். நான்கு வாரம் கூடவே இருங்கள். என்ன நடந்தது என்று வந்து சொல்லுங்கள். அவருடைய பெயரைச் சொல்லாமல்.